திறந்து பாராத பொதி

ஆகாய விமானத்திலிருந்து விளையாட்டாகக் குதிப்போர் முதுகிலே சுமந்து செல்லும் பொதி பார்வைக்கு ஒன்றே. ஆனால் அதனுள்ளே இருப்பவை இரண்டு பரசூட்கள். கீழறையில் இருப்பது பிரதான பரசூட். மேலறையில் இருப்பது, பிரதானம் கைவிடும் வேளைக்கென வைக்கப்பட்ட சேமப் பரசூட். "றிசேவ்" என்று குதிப்போர் அதனைச் சுருக்கமாக அழைப்பர்.

இவ்விரண்டுக்கும் இடையே விசித்திரமான ஒரு வேற்றுமை உண்டு. பிரதான பரசூட்டைக் குதிப்பவர் தாமே விரித்து, தாமே மடித்து, தாமே பொதியுள் அடக்குகிறார். ஒரே நாளில் நான்கைந்து முறை குதித்தால் நான்கைந்து முறை மடிப்பார். அதன் கயிறுகளின் முறுக்கும் துணியின் சாயம் மங்கிய இடங்களும் அவருக்கு மனப்பாடம். சேமப் பரசூட்டையோ அவர் தொடுவதே இல்லை. அனுமதிப்பத்திரம் பெற்ற ஒருவர் அதனை மடித்து, சிவப்பு நூலாற் கட்டி, ஈய முத்திரையிட்டுக் கொடுத்துவிடுகிறார். நூறு முறை குதித்த ஒருவர், தம் சேமப் பரசூட் என்ன நிறம் என்பதைக்கூடக் கண்ணாற் காணாதிருக்கலாம். இப்படி, நன்கு பழகிய ஒன்றை உதறிவிட்டு, ஒருநாளும் பாராத ஒன்றை நம்ப வேண்டிய விநாடி வந்தால் மனிதன் என்ன செய்வான்? குதிப்புக் கலையைப் புதிதாகப் பயில்வோரின் அனுபவம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது எனலாம்.

கை தேடிய வளையம்

பரசூட்டைக் குதிப்பவர் தம் கையாலேயே திறக்க முடியும் என்பதை ஒருகாலத்தில் பலர் நம்பவில்லை. விழும் வேகத்திலேயே மனிதன் நினைவிழந்து விடுவான் என்பது அக்கால அறிஞர் சிலரின் எண்ணம். 1919 ஏப்பிரல் 28ஆம் திகதி அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள மக்குக் விமானத் தளத்தில், லெஸ்லி இர்வின் என்ற இளைஞர் 1,500 அடி உயரத்திற் பறந்த விமானத்திலிருந்து குதித்து, சிறிது தூரம் விழுந்தபின் தம் கையாற் கயிற்றை இழுத்துப் பரசூட்டைத் திறந்து காட்டினார். தரையில் இறங்கியபோது கணுக்கால் முறிந்தது. ஆயினும் அந்தப் பழைய எண்ணம் அன்றோடு ஒழிந்தது.

அதே தளத்தைச் சேர்ந்த ஹரோல்ட் ஹரிஸ் என்ற விமானிக்கு 1922 ஒக்டோபர் 20ஆம் திகதி நேர்ந்தது இதனினும் நமக்குப் பயன்படுவது. புதுவகைச் சிறகு அமைப்பொன்றைப் பரீட்சித்துக் கொண்டிருக்கையில் அவருடைய விமானம் அதிர்ந்து சிதறத் தொடங்கியது. வெளியே பாய்ந்தார். இழுக்க வேண்டிய வளையத்தைத் தேடிய கை, தொடைப்பட்டையின் உலோகக் கொளுவியைப் பற்றி இழுத்தது. ஒருமுறையன்று, மூன்றுமுறை! பின்னரே சரியான வளையம் கையில் அகப்பட்டது. ஏறத்தாழ 500 அடி உயரத்திற் பரசூட் விரிய, டேற்றன் நகரத்து வீடொன்றின் கொல்லையிலிருந்த திராட்சைப் பந்தரின்மேல் வந்து விழுந்தார். சில சிராய்ப்புகளுடன் உயிர் தப்பிய அவர் பின்னர் நீண்ட காலம் வாழ்ந்தார்.

வளையம் எங்கே இருக்கிறது என்பது ஹரிஸுக்குத் தெரியாததன்று. அவருடைய கைக்குத்தான் தெரியாதிருந்தது. அறிவு வேறு, கையின் பழக்கம் வேறு. ஒரு நூற்றாண்டு கழிந்த இன்றும் பயிற்சிப் பாடசாலைகள் முதல்நாளில் மாணவரைக் கூரையிலிருந்து தொங்கும் வார்ப்பட்டைகளில் மாட்டி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது இதற்காகவே. உட்சுவரில் ஆடிக்கொண்டு தொங்கும் அந்த நிலை பார்ப்பவருக்கு நகைப்பாக இருக்கும். தொங்குகிறவருக்கு அரைமணி நேரத்தில் தொடை மரத்துவிடும்.

அந்த அசைவு இதுதான். மார்பின் வலப்புறத்தில் மெத்தென்ற துணிப்பிடி ஒன்று உண்டு. பெரும்பாலும் சிவப்பு நிறம். அதனை இழுத்தால் பிரதான பரசூட் தோளிலிருந்து கழன்று பறந்துவிடும். இடப்புறத்தில் இருப்பது வெள்ளி நிறமான உலோகப் பிடி. அதனை இழுத்தால் சேமப் பரசூட் திறக்கும். சிவப்பைப் பார், சிவப்பை இழு. வெள்ளியைப் பார், வெள்ளியை இழு. முதலிற் கண்ணாற் காண வேண்டும், பிறகே கை செல்ல வேண்டும். ஹரிஸின் கை செய்த பிழையை நேராக நோக்கிய பாடம் இது.

பதினான்கு விநாடி

புதியவர் ஒருவர் ஏறத்தாழ 13,000 அடி உயரத்திலிருந்து குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயிறு நிலத்தை நோக்கக் கிடந்தபடி விழும் உடல், முதற் பத்து விநாடியில் ஏறத்தாழ ஆயிரம் அடி இறங்கி, பின்னர் மணிக்குச் சுமார் 120 மைல் என்னும் நிலையான வேகத்தை அடைகிறது. அதன்பின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய ஐந்தரை விநாடிதான். மாணவர்கள் பொதுவாக 5,500 அடி அளவிற் பரசூட்டைத் திறக்குமாறு பணிக்கப்படுகின்றனர். அது சரியாக விரியவில்லையென்றால், அமெரிக்கப் பயிற்சி முறைப்படி 2,500 அடிக்கு இறங்குமுன் தீர்மானம் முடிந்துவிட வேண்டும். அந்த உயரத்திலிருந்து நிலம் வரை, வேகம் தணியாது விழுந்தால், பதினான்கு விநாடி. ஒரு கடிதத்தின் உறையைக் கிழித்துத் தாளை வெளியே எடுக்கும் நேரம்.

பரசூட் அறவே வெளிவராது போனால் தீர்மானம் எளிது. தலைக்கு மேல் ஒன்றுமில்லை. எனவே கை வெள்ளிப் பிடியை நோக்கி ஓடும். உண்மையான சோதனை பாதி திறந்த பரசூட்டிலேதான் இருக்கிறது. துணி விரிந்திருக்கிறது, ஆனால் கயிறொன்று அதன் மேலாகச் சென்று நடுவே இறுக்கியதால் ஒரு பக்கம் சுருண்டு, மனிதனை வட்டமாகச் சுழற்றுகிறது. அல்லது கயிறுகளின் வழியே மெல்ல வழுக்கி இறங்க வேண்டிய நாற்சதுரத் துணி நடுவழியில் நின்றுவிட்டது. அல்லது கயிறுகள் முறுக்கிக்கொண்டு விட்டன. இவற்றுள் முறுக்கு பெரும்பாலும் காலை உதைத்துச் சுழன்றால் அவிழக்கூடியது. நாற்சதுரத் துணி சிலவேளை கைப்பிடிகளை இழுத்து விடுவதால் இறங்கும். மேலாகச் சென்ற கயிறு இலேசில் வழிக்கு வராது.

மாணவருக்குக் கற்பிக்கப்படும் பரீட்சை மூன்று கேள்விகள் கொண்டது. பரசூட் முழுமையாக விரிந்திருக்கிறதா? சொன்ன பக்கம் திரும்புகிறதா? இரு பிடிகளையும் சேர்த்து இழுத்தால் வேகம் தணிகிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை வராவிட்டால், அதன்மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் கழற்றிவிட வேண்டியதே.

"எவ்வளவு ஆசை இருந்தாலும்" என்று சொன்னது அலங்காரத்துக்கன்று. அரைகுறையாகவேனும் தன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஒன்றைத் தன் கையாலேயே விடுவித்து மீண்டும் வெறுவெளியில் விழுவதற்கு உடலின் ஒவ்வோர் அணுவும் மறுக்கும். "இன்னும் ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம், இப்போது சரியாகிவிடும்" என்று மனம் வாதாடும். உயரமானியைப் பாராமல் இந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், முத்திரை உடையாத நல்ல சேமப் பரசூட் முதுகில் இருக்கவே உயிர் துறந்ததுண்டு. ஆகவேதான், அனுபவசாலிகள் புதியவரிடம் "உன் பரசூட் கோளாறாகிவிட்டதா?" என்று கேட்பதைவிட, "எத்தனை அடியிற் கழற்றினாய்?" என்று கேட்கின்றனர்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் கழற்றும் வேலையை விட்டுவிட்டுச் சேமப் பரசூட்டை நேராகத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. இரண்டும் ஒன்றோடொன்று சிக்கும் அபாயம் அங்கே உண்டு. எனினும் மீண்டும் விழுந்து எழ அங்கே வெளியில்லை.

மூன்று வளையங்கள்

கழற்றுவது இன்று ஒரே இழுப்பில் முடிகிறது. அறுபதுகளில் அப்படியில்லை. அப்போது சேமப் பரசூட் மார்பின் முன்னே ஒரு மூட்டைபோற் கட்டப்பட்டிருந்தது. பிரதான பரசூட்டைத் தோள்கள் இரண்டிலும் தனித்தனி உலோகக் கொளுவிகள் பிடித்திருந்தன. இறங்கியபின் காற்று இழுத்துச் செல்லாதபடி நிலத்தில் நின்று கழற்றுவதற்கென இராணுவத்தார் கையாண்ட சாதனம் அது. சுழன்று விழும் மனிதன் அதன் மூடிகளை நீக்கி, இரண்டையும் ஒருங்கே கழற்ற வேண்டும். ஒன்று கழன்று மற்றது நின்றால் நிலைமை முன்னையிலும் மோசம்.

எழுபதுகளில் அமெரிக்கரான பில் பூத் அமைத்த மூன்று வளையச் சாதனம் இந்தத் தொல்லையை நீக்கியது. பௌதிகம் பயிலும் மாணவர் இதனைச் சற்று ஊன்றிக் கவனிக்கலாம். வார்ப்பட்டையிற் பொருந்திய பெரிய வளையத்தினூடே நடுத்தர வளையம் நுழைந்து மடிகிறது. அதனூடே சிறு வளையம் நுழைந்து மடிகிறது. அதன்மேல் ஒரு மெல்லிய நூற்கண்ணி. கண்ணியினூடே வழவழப்பான ஒரு கம்பி. ஒவ்வொரு வளையமும் ஒரு நெம்புகோல். மேலே நூற்றுக்கணக்கான இறாத்தல் பாரம் இழுத்தாலும், படிப்படியாகக் குறைந்து, நூற்கண்ணிக்கு வந்து சேர்வது ஒரு சிறு பகுதியே. கம்பியை உருவினால் கண்ணி அவிழ, வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிப்பு விரிந்து நழுவுகின்றன. இரண்டு தோள்களின் கம்பிகளும் ஒரே சிவப்புப் பிடியில் வந்து முடிகின்றன. உராய்ந்து உடையும் வில்லோ பூட்டோ இதில் இல்லை. மாதம் ஒருமுறை கழற்றி, பட்டையை மடக்கி நெகிழ்த்தி, கம்பியைத் துடைத்துவைப்பதே பராமரிப்பு. அதையும் செய்யச் சோம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்னொரு சிறு நாடாவும் உண்டு. பிரதான பரசூட் கழன்று பறக்கும்போது அதுவே சேமப் பரசூட்டின் ஊசியை இழுத்துவிடும்படி இரண்டையும் இணைப்பது அது. இருந்தாலும் மாணவர் வெள்ளிப் பிடியைத் தாமே இழுக்குமாறு பழக்கப்படுகிறார். நாடா துணைக்கு வந்தது. கையின் கடமையை ஏற்க வந்ததன்று.

இயந்திரம் செய்யாத காரியம்

நினைவிழந்தவர் கதி என்ன? 1959 நவம்பர் 16ஆம் திகதி, அமெரிக்க ஆகாயப்படையைச் சேர்ந்த ஜோசப் கிற்றிஞ்சர் பலூனில் ஏறி 76,400 அடி உயரத்திலிருந்து குதித்தார். உடலை நிலைப்படுத்த வேண்டிய சிறு பரசூட் நேரத்துக்கு முன்னரே வெளிவந்து அதன் கயிறு அவருடைய கழுத்தைச் சுற்றிக்கொண்டது. பம்பரமாகச் சுழன்று நினைவிழந்தார். தானாகவே திறந்துகொண்ட சேமப் பரசூட் அவரை நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்தில் உயிருடன் இறக்கியது. அடுத்த ஆண்டு ஓகஸ்டு 16ஆம் திகதி அதே மனிதர் 102,800 அடியிலிருந்து மீண்டும் குதித்தார் என்றால், அவருடைய நெஞ்சுரத்தை என்னென்பது!

விளையாட்டுக் குதிப்போருக்கு நம்பகமான தன்னியக்கக் கருவி மிகவும் பின்னரே கிடைத்தது. ஜெர்மானியரான ஹெல்முட் குளோத் ஆக்கிய "சைப்பிரெஸ்" 1991இல் வெளிவந்தது. வளியமுக்கத்தை இடைவிடாது அளந்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும் சிறு பெட்டி அது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 750 அடியில், குதித்தவர் இன்னும் மணிக்கு 78 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் விழுவாராயின், சேமப் பொதியை மூடியிருக்கும் கண்ணியை உள்ளிருக்கும் சிறு கத்தி அறுத்துவிடும். எஞ்சியிருப்பது நான்கு விநாடிக்குச் சற்று மேல். பொதி திறந்து மூன்று விநாடிக்குள் சேமப் பரசூட் விரிய வேண்டும் என்பது தர விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம் என்று!

ஆனால் புதியவர்கள் பலர் இந்தக் கருவியைப்பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் பாதிதான் சரி. அது சேமப் பரசூட்டைத் திறக்கும். கோளாறான பிரதான பரசூட்டைக் கழற்றாது. மேலும், பாதி விரிந்த பரசூட்டின்கீழ் ஒருவர் மணிக்கு 50 மைல் வேகத்திற் சுழன்று இறங்கினால், கருவியின் கணக்கில் அவர் விழவில்லை. அது வாளாவிருக்கும். அந்த வேகத்தில் நிலத்தை அடைந்தால் என்னவாகும் என்பது சொல்லாமலே விளங்கும். பழகியதை விட்டுவிடும் அந்த ஒரு முடிவை எடுக்கக்கூடிய இயந்திரம் எதுவும் அந்தப் பொதியில் இல்லை.

முத்திரை இட்ட கை

இனி அந்த மேலறைக்கு வருவோம். அதனை மடிப்பவரை "றிகர்" என்பர். அமெரிக்காவில் இவர் அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவர். அதனைப் பெற, குறிப்பிட்ட வகைப் பரசூட்டில் இருபதையாவது மேற்பார்வையின்கீழ் மடித்திருக்க வேண்டும், பரீட்சையும் உண்டு. அவருக்கென்று தனி அடையாளம் பொறித்த முத்திரைக் கருவி வழங்கப்படுகிறது. சேமப் பரசூட்டைப் பயன்படுத்தாவிட்டாலும், அங்கே 180 நாளுக்கு ஒருமுறை முத்திரையை உடைத்து, கயிறு கயிறாகவும் தையல் தையலாகவும் பார்வையிட்டு, காற்றாட விட்டு, மீண்டும் மடிக்க வேண்டும். 2008 வரையில் இந்தத் தவணை 120 நாளாக இருந்தது. ஒவ்வொரு முறையும் பொதியோடு இருக்கும் சீட்டில் திகதியும் இடமும் கையொப்பமும் பதியப்படும்.

இந்தத் தவணை நாளைப் புத்திசாலியான புதியவர் வீணாக்குவதில்லை. எப்படியும் திறக்கப்பட வேண்டிய பொதிதானே! அதனை மாட்டிக்கொண்டு, நிலத்திலேயே நின்று, சிவப்பையும் வெள்ளியையும் ஒழுங்கு தவறாமல் உண்மையாகவே இழுத்துப் பார்ப்பார். விதிப்படி வெள்ளிப் பிடியை இழுக்க 22 இறாத்தலுக்கு மேற்பட்ட விசை தேவைப்படலாகாது. ஆனால் 22 இறாத்தல் என்பது எவ்வளவு என்று ஒரு மெல்லிய பெண்ணின் கைக்குப் புத்தகம் சொல்லித்தர முடியாது. இழுத்தவுடன் வில்லுப்பொருத்திய சிறு குடை துள்ளி வெளியே பாய்வதையும், தமது உயிர்க்காப்பின் நிறத்தையும் பலர் முதன்முதலிற் காண்பது அன்றுதான்.

பழைய பொதியை விலைக்கு வாங்குவோர்க்கு றிகரின் கண் இன்னும் அவசியமானது. பரசூட் நைலோனாலானது. போருக்கு முன் பட்டாகவே இருந்தது. நைலோன் பரசூட்டுடன் முதன்முதல் 1942 யூன் 6ஆம் திகதி குதித்தவர் அடலின் கிரே என்ற பெண்மணி. நைலோன் பலமுடையதே, ஆனால் அமிலத்துக்கும் வெயிலுக்கும் தோற்றுப்போகும். 1980களிற் செய்யப்பட்ட வட்டவடிவச் சேமப் பரசூட்கள் சிலவற்றில், காற்றுப் போவதற்கென வைத்துத் தைத்த வலைத்துணி அமிலத்தன்மை அடைந்து, தன்னைத் தொட்டுக்கொண்டு மடிந்திருந்த நைலோனை உளுக்கச் செய்தது கண்டறியப்பட்டது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அமிலம் பட்டால் மஞ்சளாக மாறும் புரோமோகிரெசோல் கிறீன் என்னும் இரசாயனத் திரவத்தைத் தடவியும், துணியைக் கௌவியாற் பிடித்து அளவாக இழுத்தும் றிகர்கள் சோதித்தனர். பழுதானவை ஒதுக்கப்பட்டன. ஒருமுறையும் பயன்படாததால் புதியது என்று விற்பனையாளர் சொல்லும் சேமப் பரசூட், உண்மையிற் பழையதாகவே இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அளவிலும் புதியவர் ஏமாறுவதுண்டு. குதிப்பவரும் உபகரணமும் சேர்ந்த எடையில், ஓர் இறாத்தலுக்கு ஒரு சதுர அடியாவது பரசூட் இருக்க வேண்டும் என்பது ஆரம்பகாலத்தினருக்குச் சொல்லப்படும் பொது ஆலோசனை. பிரதான பரசூட்டை இவ்வாறு பார்த்து வாங்குகிறவர்கள், அதே பொதியில் மிகச் சிறியதொரு சேமப் பரசூட் இருப்பதைக் கவனியார். சேமப் பரசூட்டின்கீழ் இறங்குகிறவரோ பழக்கமில்லாத நிலத்தில், நடுங்கும் கைகளோடு, சிலவேளை நினைவே இல்லாமல் இறங்குகிறவர். பெரியது வேண்டியவர் அவரே அல்லவா?

எல்லாம் நல்லபடி நடந்து ஒருவர் முதன்முறையாகச் சேமப் பரசூட்டில் இறங்கினால், அவருக்கு உடனே காத்திருப்பது மகிழ்ச்சியன்று, நடைப்பயணம். கழற்றிவிட்ட பிரதான பரசூட் காற்றோடு எங்கோ சென்றிருக்கும். சேமப் பரசூட்டை உறைபோல் மூடியிருந்த பையும் சிறு குடையும், அவை பரசூட்டோடு கட்டப்படாதவையாதலால், தனியே வேறொரு பக்கம் விழுந்திருக்கும். பிடிகள் இரண்டும் பதற்றத்தில் கைநழுவியிருக்கும். புதிதாக வாங்கப் பணம் அதிகமாகும். ஆகவே நண்பர்கள் மேலேயிருந்து பார்த்துவைத்த திசையைக் கேட்டு, மாலை மங்கும் வரை சோளக்கொல்லைகளினூடே தேடித் திரிவர். கிடைத்தவற்றைச் சுருட்டிக்கொண்டு றிகரின் கொட்டகைக்குப் போகும்போது, கூடவே ஒரு போத்தல் நல்ல மதுவும் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களிடையே நெடுநாள் வழக்கம். குடிப்பழக்கம் இல்லாத றிகருக்கு வேறு ஏதேனும் கொடுப்பார்கள். றிகர் பெரும்பாலும் அதிகம் பேசுவதில்லை. பொதியைத் திருப்பி, தாம் இட்ட முத்திரையில் எஞ்சியிருக்கும் நூலைப் பார்த்து, துணியை நீள மேசையில் விரித்துக் கயிறுகளை எண்ணத் தொடங்குவார்.